29 அங்குல கிரவுண்டு

அமெரிக்காக்காரர்களுக்குப் பட்டியல் போடுகிற வியாதி ஒன்று உண்டு. 50 மாநிலம் இருக்கிறதல்லவா, மாநிலத்துக்கு மாநிலம் ஒரு பட்டியல் போட்டாக வேண்டும். சிறந்த ஹோட்டல், சிறந்த ஆப்பிள், சிறந்த அருவி என்று போய்க்கொண்டே இருக்கும். இந்த வரிசையில் அவர்கள் சட்டையைப் பிடித்துக்கொள்கிற அளவுக்குச் சண்டை போடும் பட்டியல் ஒன்று இருக்கிறது: 'எங்கள் மாநிலம் தந்த தலைசிறந்த காலேஜ் கூடைப்பந்து வீரர்கள்!'

கவனியுங்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்கள் இல்லை. காலேஜ் பையன்கள்! நம் ஊரில் காலேஜ் டீமில் ஆடுகிற பையனை அவன் பிரின்ஸிபாலுக்கே அடையாளம் தெரியாது. அட்டெண்டன்ஸ் குறைந்தால்தான் தெரியும். அங்கே அப்படி இல்லை. 1982-ல் மைக்கேல் ஜோர்டன் என்று ஒரு முதல் வருஷத்துப் பையன், வட கரோலினா பல்கலைக்கழகத்துக்காக ஃபைனலில் கடைசி நிமிஷத்தில் ஒரு பந்து போட்டான். டீம் ஜெயித்தது. அந்த ஒரு பந்தைப் பற்றி அந்த மாநிலம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. இண்டியானா மாநிலத்தில் லாரி பேர்ட் என்றால் சாமி மாதிரி. இத்தனைக்கும் 1979 ஃபைனலில் அவர் காலேஜ், மேஜிக் ஜான்சனின் காலேஜிடம் தோற்றது!

சண்டை எங்கே வரும் என்றால், 'யாருடைய பிள்ளை?' என்பதில். ஆஸ்கர் ராபர்ட்சன் என்று ஒரு ஜாம்பவான். பிறந்தது டென்னஸி மாநிலம். வளர்ந்தது இண்டியானா. காலேஜில் ஆடியது ஒஹையோ. மூன்று பேரும் உரிமை கொண்டாடலாம். நம் ஊரில் ஒருத்தன் கலெக்டர் ஆகிவிட்டால் பிறந்த ஊர், தாத்தா ஊர், மாமனார் ஊர் மூன்றும் தனித்தனியாக பேனர் கட்டுகிற மாதிரிதான்.

இந்தப் பட்டியல் சமாச்சாரத்தை ஒரு நாள் சாயந்திரம் கல்மண்டபம் டீக்கடையில் அவிழ்த்துவிட்டேன். அந்தக் கடை பெஞ்சில் எனக்கு மூன்று சிநேகிதர்கள். ஒருத்தர் ராயபுரம், துறைமுகத்துச் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் பார்க்கிற ஆபீஸில் கிளார்க். இன்னொருத்தர் திருவொற்றியூர்; ஷிஃப்ட் வேலை. மூன்றாவது எண்ணூர்த் தம்பி. கண்டெய்னர் யார்டில் கணக்கு எழுதுகிறவன். லாரி வரிசை நகராத நாள்களில் அவனும் நகர மாட்டான்.

"தமிழ்நாட்டுக்கு அப்பிடி ஒரு லிஸ்ட் போட்டா இன்னா?" என்றார் ராயபுரம்.

போடலாமே. கூடைப்பந்து ஒன்றும் நமக்கு அந்நியம் இல்லை. 1891-ல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் வாத்தியாராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், பழக்கூடை இரண்டை மாட்டிவிட்டுக் கண்டுபிடித்த ஆட்டம் அது. கூடைக்கு அடியில் ஓட்டை போடத் தோன்றாமல், ஒவ்வொரு தடவையும் ஏணி வைத்துப் பந்தை எடுத்தார்களாம். அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் சென்னைக்கு வந்து 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். இப்போது நந்தனத்தில் இருக்கிறதே, அதேதான். ஆட்டம் பிறந்த வீட்டுக்கும் நமக்கும் அவ்வளவு நெருங்கின சம்பந்தம்!

ஆட்கள்? அனிதா பால்துரை ஒருத்தர் போதும். சென்னைப் பெண். இந்திய மகளிர் அணியின் கேப்டனாக இருந்தவர். நாட்டுக்காகப் பல வருஷம் ஆடி, 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். கீது அன்னா ஜோஸ் என்று இன்னொரு பெயர் சொன்னேன். "அவங்க கேரளாவாச்சே" என்று உடனே ஆட்சேபணை வந்தது. பிறந்தது, படித்தது கேரளா. வேலை பார்த்தது, ஆடியது சென்னையில் தெற்கு ரயில்வேக்கு. பாருங்கள், ஆஸ்கர் ராபர்ட்சன் தகராறு கல்மண்டபம் வரைக்கும் வந்துவிட்டது.

"அதெல்லாம் சரி வாத்யாரே, நம்ம பக்கம் யாரு?" என்றான் எண்ணூர்த் தம்பி.

அங்கேதான் டீ ஆறியது.

* * *

கூடைப்பந்து மைதானம் என்பது 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். பெருக்கினால் 420 சதுர மீட்டர். நம் கணக்கில் சொன்னால் 4,500 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. சென்னையில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஆக, கிட்டத்தட்ட இரண்டு கிரவுண்டு!

ராயபுரத்தில் இரண்டு கிரவுண்டு காலியாகக் கிடந்தால் அதில் கூடை மாட்டுவார்களா? மாடிதான் கட்டுவார்கள். காசிமேட்டில் வலை காயப்போடுவார்கள். எண்ணூர்ப் பக்கம் என்றால் கண்டெய்னர் இறக்கிவிடுவார்கள். தென்சென்னையில் 'கிரவுண்டுக்குப் போறேன்' என்று ஒரு பையன் சொன்னால் விளையாடப் போகிறான் என்று அர்த்தம். எங்கள் பக்கம் சொன்னால் பத்திரப் பதிவுக்குப் போகிறான் என்று அர்த்தம்.

இப்படிப்பட்ட இடத்துக்கு என்று ஒரு ஆட்டம் அமைந்தது. மைதானம் எவ்வளவு தெரியுமா? 29 அங்குலத்துக்கு 29 அங்குலம். ஆறு சதுர அடிகூடத் தேறாது. விளக்கு ஒன்று, பவுடர் ஒரு டப்பா, ஸ்டூல் நாலு. மழை வந்தால் மைதானத்தையே தூக்கித் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஓடலாம்.

கேரம் போர்டு, சார்!

பட்டியல் போட வேண்டியது இதில்தான் என்று பெஞ்ச் ஏகமனதாகத் தீர்மானித்தது. காலேஜ் வீரர்கள் என்ற தலைப்புக்குப் பங்கம் வராதா என்று கேட்டேன். "எங்க காலேஜ் மன்றம்தான்பா" என்றார் திருவொற்றியூர்க்காரர்.

யோசித்துப் பார்த்தால் சரிதான். தெருமுனையில் ஒரு படிப்பகம் இருக்கும்; இல்லாவிட்டால் ரசிகர் மன்றம். வாசலில் தலைவர் படம். உள்ளே முந்தாநாள் தினத்தந்தி. நடுவில் போர்டு, அதற்குமேல் தகர மூடி போட்ட பல்பு. அட்மிஷனுக்கு மார்க் வேண்டாம், நன்கொடை வேண்டாம். முதல் வருஷம் நின்றுகொண்டு பார்க்க வேண்டும். இரண்டாம் வருஷம் டீ வாங்கிவர வேண்டும். மூன்றாம் வருஷம், நாலாவது ஆள் வராத நாளில், ஸ்டூலில் இடம் கிடைக்கும். ஃபீஸ் என்று பார்த்தால் தோற்றவன் எல்லோருக்கும் டீ சொல்ல வேண்டும். அட்டெண்டன்ஸ் எப்போதும் நூறு சதவிகிதம். நம் பல்கலைக்கழகங்கள் பொறாமைப்படலாம்.

2018-ல் வந்த 'வடசென்னை' படத்தில் தனுஷ் கேரம் ஆட்டக்காரராக வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் பேட்டை என்றாலே சினிமாவில் கத்தியைத்தான் கையில் கொடுப்பார்கள். அந்தப் படத்திலும் கத்திக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் கூடவே ஒரு ஸ்ட்ரைக்கரையும் கொடுத்தார்கள். அந்த மட்டில் நியாயம்.

* * *

ஆபீஸ் லஞ்ச் டயத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நாம் ஆடுகிறோமே, அதற்கும் நிஜ ஆட்டத்துக்கும் உள்ள தூரத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறகு பட்டியலுக்குப் போவோம்.

வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. ஒரு காயின் எடை 5 கிராம், மிஞ்சினால் ஐந்தரை. ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது. முதலில் 25 புள்ளி எடுத்தவருக்கு ஆட்டம். 8 போர்டு முடிந்தும் யாரும் 25 தொடவில்லை என்றால் முன்னால் இருப்பவருக்கு ஆட்டம். மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும். ஒரு அடிக்கு 15 விநாடிதான். நம் ஆபீஸில் 15 விநாடி என்பது பவுடரை ஊதுகிற நேரம்.

ஆடுகிறவர் நாற்காலியை நகர்த்தக்கூடாது, எழுந்திருக்கவும் கூடாது. நம் செக்‌ஷனில் பாதிப்பேர் இந்த ஒரு விதியிலேயே அவுட். எட்டாத காயை அடிக்கப் போர்டின்மேல் ஏறிப் படுக்கிற ஆள் எல்லா ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார்.

சிவப்புக் காய்க்கு மூன்று புள்ளி. ஆனால் ரெட்டைப் போட்டால் மட்டும் போதாது. உடனே தன் காய் ஒன்றைப் போட்டு ஃபாலோ கொடுக்க வேண்டும். ஃபாலோ விழவில்லையா, ரெட் மறுபடி நடுவட்டத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும். போட்டவன் கை பிசைய வேண்டியதுதான். இந்த விதியைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இன்னொரு வேடிக்கை: ஒருத்தர் 22 புள்ளியைத் தொட்டுவிட்டால் அதற்குமேல் ரெட் போட்டாலும் புள்ளி கிடையாது. ரிடயர்மென்ட்டுக்கு முந்தின மாசம் இன்க்ரிமென்ட் கேட்கிற மாதிரி.

பெரிய ஆட்டக்காரர் உட்கார்ந்தால் முதல் அடியிலேயே காய்கள் கலையும். அப்புறம் எதிராளிக்குச் சந்தர்ப்பமே தராமல் 9 வெள்ளையும் ரெட்டும் ஒவ்வொன்றாக உள்ளே போகும். இதற்கு ஒயிட் ஸ்லாம் என்று பெயர். எதிரே உட்கார்ந்தவருக்கு அந்த போர்டில் ஒரே வேலைதான்: பார்க்கிறது. நம் மீட்டிங்குகளில் நாம் செய்கிற அதே வேலை.

* * *

பட்டியல்!

முதல் பெயரில் தகராறே இல்லை. சென்னையின் மரியா இருதயம். கேரமுக்கு முதல் உலக சாம்பியன்ஷிப் 1991-ல் டெல்லியில் நடந்தது, ஜெயித்தவர் அவர். இரண்டாவது 1995-ல் கொழும்பில் நடந்தது, ஜெயித்தவர் அவரேதான். 1996-ம் வருஷத்துக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. கிரிக்கெட், ஹாக்கி, டென்னிஸ் என்று கோட்டும் டையுமாகப் போய் நிற்கிற வரிசையில், மன்றத்து பல்புக்கடியில் ஆடுகிற ஒரு ஆட்டமும் முதன்முதலாகப் போய் நின்றது.

'எந்தப் பேட்டை?' என்று ஆரம்பித்தார் ராயபுரம். வேண்டாம் என்று கையமர்த்திவிட்டேன். சில பேர் ஊருக்கே சொந்தம்.

இன்னொரு சங்கதி தெரியுமா? சர்வதேச கேரம் சம்மேளனம் பிறந்ததே நம் சென்னையில்தான், 1988-ல். அதற்கு ஓடியாடி உழைத்தவர் பங்காரு பாபு. உலகக் கிரிக்கெட்டுக்கு லண்டன் எப்படியோ, கேரமுக்குச் சென்னை அப்படி. இந்த விஷயம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெருமைப்படுவதற்குக்கூட நமக்கு யாராவது லண்டனிலிருந்து சர்க்குலர் அனுப்ப வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பெயர், வியாசர்பாடி இளவழகி. அப்பா மூன்று சக்கர வண்டி ஓட்டினவர். மீன்பாடி வண்டி என்போமே, அது. அந்த வீட்டுப் பெண் 2008-ல் பிரான்ஸுக்குப் போய் உலக சாம்பியன் பட்டத்தோடு திரும்பி வந்தார். பிரான்ஸ் எங்கே இருக்கிறது என்று அந்தத் தெரு அன்றைக்குத்தான் விசாரித்திருக்கும்.

மூன்றாவது, புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா. அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். அவரேதான் பயிற்சியாளர். 2024 நவம்பரில் அமெரிக்காவில், கலிபோர்னியாவில், உலகக் கோப்பை நடந்தது. தனியாட்டம், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம். அப்போது வயது 17! கூடைப்பந்துக் காலேஜ் வீரர்களுக்குப் பட்டியல் போடுகிற நாட்டுக்கே போய், அவர்கள் கண்ணெதிரே, நம்ம பேட்டைப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்துவிட்டு வந்தது அந்தப் பெண்.

நாலாவது, காசிமேடு கீர்த்தனா. 2025 டிசம்பரில் மாலத்தீவில் நடந்த உலகக் கோப்பையில் இவருக்கும் மூன்று தங்கம்.

பெஞ்சில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வியாசர்பாடி, செரியன் நகர், காசிமேடு. மூன்றும் ஷேர் ஆட்டோ தூரம். வழியில் லாரி குறுக்கே நிற்காவிட்டால் அரைமணியில் மூன்றையும் சுற்றிவந்துவிடலாம். அந்த அரைமணிச் சுற்றுக்குள் மூன்று உலகப் பட்டங்கள்.

"எல்லாம் பொண்ணுங்களா கீதேபா..." என்றார் ராயபுரம், மெதுவாக.

* * *

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. முதலில் ஃபாலோ விஷயம்.

அமெரிக்கப் பட்டியல் ஏன் அவ்வளவு நீளம்? அங்கே உள்ளவர்கள் உயரம் என்பதால் மட்டும் இல்லை. நன்றாக ஆடுகிற பையனைக் காலேஜே கூப்பிட்டு ஃபீஸ், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் பார்த்துக்கொள்கிறது. கோச் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார். 2021-லிருந்து காலேஜில் படிக்கும்போதே விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கவும் அனுமதி வந்துவிட்டது. கேரம் பாஷையில் சொன்னால், பையன் ரெட்டைப் போட்டால் போதும். ஃபாலோவைக் காலேஜ் பார்த்துக்கொள்ளும்.

எங்கள் பேட்டையில் ரெட் போட ஆள் இருக்கிறது. ஃபாலோதான் விழுவதில்லை.

இளவழகி ரெட்டைப் போட்டார். உலகப் பட்டத்தைவிடப் பெரிய ரெட் எது? அதற்கப்புறம் வேலை, வீடு என்று அவர் கேட்டுக்கொண்டிருந்த செய்திதான் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. உலக சாம்பியனே மனு எழுதிக்கொண்டிருந்தால், தெருவில் ஆடுகிற பையனைப் பார்த்து அப்பா என்ன சொல்வார்? "போர்டைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு டைப்பிங் கிளாஸுக்குப் போடா" என்பார். அவர் மேல் தப்பே கிடையாது. வீட்டு வாடகையை மெடலில் கட்ட முடியாது.

ஒரு காலத்தில் பையன்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை ஸ்போர்ட்ஸ் கோட்டா. எல்.ஐ.சி., ரிசர்வ் வங்கி, ஏர் இந்தியா, பெட்ரோலியக் கம்பெனிகள் என்று கேரமுக்கு டீம் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் 'நல்லா ஆடுறான்' என்றால் 'பேங்க்ல எடுத்துக்குவாங்க' என்று பொருள். தங்கப் பதக்கத்தைவிட அந்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டருக்குத்தான் மவுசு. ஆனால் கேரம் ஒலிம்பிக்கில் இல்லை. ஆசிய விளையாட்டிலும் இல்லை. எனவே கோட்டா என்று வரும்போது, ஓடுகிறவன், தாண்டுகிறவன், எறிகிறவன் எல்லோரும் போனபிறகு, உட்கார்ந்து ஆடுகிறவன் கடைசியில் உட்கார்ந்திருப்பான்.

2024-க்கு அப்புறம் காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. காசிமாவுக்குத் தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. கூட ஆடிய மித்ரா, நாகஜோதிக்குத் தலா 50 லட்சம். ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு கோடி என்ற எண்ணிக்கையை லாட்டரிச் சீட்டுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சொல்லியிருப்பார்கள். ரொம்ப நல்ல காரியம். கைதட்டுகிறேன்.

ஆனால் ஒன்று. ஒரு கோடி என்பது உச்சியில் நிற்கிறவருக்குக் கிடைப்பது. உச்சிக்குப் போகிற வழியில் ஜில்லாவில் ஜெயித்தவன், ஸ்டேட்டில் அரையிறுதியில் தோற்றவன், நேஷனலுக்குப் போக ரயில் டிக்கெட்டுக்குக் கடன் கேட்டவன் என்று ஒரு நூறு பேர் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கோடி வேண்டாம். டிக்கெட், நல்ல போர்டு, பரீட்சையன்று மேட்ச் வந்தால் 'அப்புறம் எழுதிக்கோ' என்று சொல்கிற ஒரு பிரின்ஸிபால், கடைசியில் ஒரு சின்ன உத்தியோகம். இவ்வளவுதான் ஃபாலோ. கடற்கரைப் பக்கம் ஒரு காலேஜ், கேரமுக்கு என்று பத்து சீட் ஒதுக்கி, பத்து போர்டு போட்டுவிட்டால் போதும். இண்டியானா மாதிரி நமக்கும் ஒரு பட்டியல் நீளும். இரண்டு கிரவுண்டு இடம்கூடக் கேட்கவில்லை, ஒரு ஹால் போதும். மத்தியானம் அதிலேயே லஞ்ச்சும் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

* * *

இரண்டாவது, ராயபுரத்துக்காரர் மெதுவாகச் சொன்ன விஷயம்.

எங்கள் பேட்டை மன்றங்களில் எத்தனை வருஷமாக எத்தனை ஆயிரம் போர்டு ஆடியிருப்போம்! ராத்திரி பதினோரு மணிக்குப் பல்பை அணைத்தால், மெழுகுவர்த்தி வைத்து ஆடுகிற ஆட்கள். நாலு ஸ்டூலைச் சுற்றி நாற்பது ஆண்கள். பெண் பிள்ளை அந்தப் பக்கம் வந்தால் 'அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு'வதற்காக வந்திருக்கும். ஒரு நிமிஷம் நின்று போர்டைப் பார்த்தால், "இன்னா பாக்குற, போ வீட்டுக்கு" என்று நாலு பேர் சொல்வார்கள். நம்மில் யார் சொல்லவில்லை?

அப்படித் துரத்தப்பட்ட எத்தனை கைகளில் 15 கிராம் ஸ்ட்ரைக்கர் சரியாக உட்கார்ந்திருக்குமோ, யார் கண்டது? கூடைப்பந்துக்கு உயரம் வேண்டும். குத்துச்சண்டைக்குத் தோள் வேண்டும். கேரமுக்கு ஒரு விரல் போதும், அந்த விரலுக்கு நிதானம் வேண்டும். மீன் ஆய்கிற கைக்கும், ஊசியில் நூல் கோக்கிற கைக்கும் இல்லாத நிதானமா? ஆனால் ஸ்டூல் கிடைக்கவில்லை.

காசிமாவுக்கு ஸ்டூல் போட்டது அப்பா. வீட்டிலேயே ஆட்டம் இருந்தது, அண்ணனும் ஆடுகிறவர். 'பொண்ணுக்கு எதுக்கு?' என்று அந்த வீட்டில் யாராவது ஒரு தடவை சொல்லி, அந்த ஆட்டோக்காரர் 'அதானே' என்று தலையாட்டியிருந்தால் கலிபோர்னியா மூன்று தங்கத்தையும் வேறு யாரோ எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். மைதானம் இல்லாதது நம் பேட்டைக்குக் குறையே இல்லை, சார். 29 அங்குலம் எல்லாத் தெருவிலும் இருக்கிறது. அதற்கு எதிரே யாரை உட்காரவிடுகிறோம் என்பதில்தான் உலகப் பட்டம் இருக்கிறது.

"அப்போ எங்க எண்ணூரு?" என்றான் தம்பி. "லிஸ்ட்ல ஒரு பேரு இல்லியே."

"திருவொற்றியூரும் இல்லை" என்றார் பக்கத்து ஆள். "தியாகராஜர் கோயில் கீது, பட்டினத்தார் கீறாரு, மெட்ரோ ரயில் வந்துட்சி. கேரம் சாம்பியன் மட்டும் பாக்கி."

நியாயமான குறைதான். ஆகவே பெஞ்ச் கூடிப்பேசி ஒரு விளம்பரம் தயாரித்திருக்கிறது. ஆபீஸ் நோட்டீஸ் போர்டிலும் மன்றத்துச் சுவரிலும் ஒட்டிக்கொள்ள அனுமதி உண்டு:

'காலி இடங்கள்: எண்ணூர் 1, திருவொற்றியூர் 1, ராயபுரம் 1. பதவி: கேரம் உலக சாம்பியன். கல்வித் தகுதி: படித்துக்கொண்டிருந்தால் போதும். உயரம், எடை, மார்பளவு: கேட்கப்பட மாட்டாது. பெண்களுக்கு முன்னுரிமை. முன் அனுபவம் தேவையில்லை. அப்பாவோ அண்ணனோ ஸ்டூலை விட்டு எழுந்துகொண்டால் போதுமானது. சிபாரிசுக் கடிதம் ஏற்கப்பட மாட்டாது. பவுடர் நிர்வாகம் தரும்.'

ஃபாலோ யார் தருவது என்ற வரி மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. கோட்டையில் யாராவது படித்தால் நிரப்பி அனுப்பவும்.